சண்டைக்கார மீன் கூட்டம்: வேலூர் வீட்டுத் தொட்டிக்கு எது சரிவரும்?

காட்பாடி காந்தி நகரில் இருக்கும் என் அண்ணன் மகன் பழைய தொட்டி ஒன்றை வாங்கி வந்துவிட்டான். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். மறுநாளே போன். "சித்தப்பா, கப்பி வேணாம், கோல்டு ஃபிஷ் வேணாம். கூட்டமா சுத்தணும், கொஞ்சம் ரவுடித்தனமும் இருக்கணும். என்ன வாங்கட்டும்?" கையில் நான்கு பெயர் வைத்திருந்தான்: டைகர் பார்ப், செர்பே டெட்ரா, விடோ டெட்ரா, அப்புறம் கடைக்காரர் ஆசை காட்டிய பிரானா.

இதே நான்கு பெயரைச் சொல்லி சத்துவாச்சாரியிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும்கூட என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால் அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்தே எழுதிவிடுகிறேன்.

அதற்கு முன் நான் பட்ட பாடு. நம் ஊர்க் கடைகளில் மீனை ஜோடிக் கணக்கில்தான் கொடுப்பார்கள். நானும் அந்தப் பழக்கத்தில் இரண்டு ஜோடி டைகர் பார்ப் வாங்கி, ஏற்கெனவே இரண்டு ஏஞ்சல் இருந்த இரண்டடித் தொட்டியில் விட்டேன். ஏஞ்சலுக்கு வயிற்றுக்குக் கீழே இரண்டு நூல் தொங்கும், பார்த்திருப்பீர்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு விட்டது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஓர் ஏஞ்சலுக்கு நூல் பாதிதான் இருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பார்ப் பின்னாலிருந்து வந்து, மிச்சத்தைச் சேமியா கடிப்பதுபோல நறுக்கிக்கொண்டு போனது. அதன் பிறகு ஏஞ்சல்கள் மூலையை விட்டு நகரவே இல்லை. நான்காம் நாள் ஒன்று மிதந்தது. இன்னொன்றை நண்பர் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். இனிமேலாவது அமைதி என்று நினைத்தால், நான்கு பார்ப்களும் தங்களுக்குள் ஆரம்பித்தன. ஒன்று தலைவன், ஒன்று எல்லோரிடமும் அடிவாங்கி. அந்த அடிவாங்கி ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

இந்த மீன்களுக்குள் எப்போதும் ஒரு வரிசை உண்டு: யார் முதலில் தின்பது, யார் யாரைத் துரத்துவது என்று. நான்கே மீன் இருந்தால் எல்லா அடியும் கடைசி மீனுக்குப் போகும். பத்து இருந்தால், ஒன்றைத் துரத்தத் தொடங்குவதற்குள் இன்னொன்று குறுக்கே வரும், கோபம் அதன் பக்கம் திரும்பும், அதற்குள் முதல் மீன் தப்பித்துவிடும். துரத்தல் நாள் முழுக்க நடக்கும், ஆனால் ஒரு மீன் தலையில் மட்டும் விழாது. தங்களுக்குள்ளேயே வேலை இருப்பதால் மற்ற மீன்களின் துடுப்பும் ஓரளவு தப்பிக்கும். ஜோடி என்பது இந்த வகை மீனுக்கு ஆகவே ஆகாத எண். ஆகவே எந்த மீன் பிடிக்கும் என்று கேட்பதற்கு முன், அந்த மீனில் எட்டோ பத்தோ உங்கள் தொட்டி தாங்குமா என்று பாருங்கள். கீழே வரும் ஒப்பீடு முழுக்க அந்தக் கணக்குதான்.

## எதை வைத்து முடிவு செய்வது

நீளம். கூட்டமாக ஓடும் மீனுக்கு உயரம் பெரிதாகப் பயன்படாது, ஓடுகிற தூரம்தான் வேண்டும். கொள்ளளவு கணக்கிட எளிய வழி: நீளம், அகலம், உயரத்தை அடியில் பெருக்கி, அதை 28.3-ஆல் பெருக்குங்கள். 2×1×1 தொட்டி சுமார் 57 லிட்டர். மணல், கல் போட்டு மேலே இரண்டு அங்குலம் விட்டால் 45 லிட்டர் நின்றாலே அதிகம். அண்ணன் மகனின் தொட்டி 191 லிட்டர். தண்ணீர் எடை மட்டுமே ஏறத்தாழ 190 கிலோ, கண்ணாடி தனி. டிவி ஸ்டாண்டு மேல் வைக்கிற பொருள் இல்லை அது.

தண்ணீர். வேலூரில் மீன் வளர்ப்பவருக்கு இதுதான் பெரிய தலைவலி. போர் தண்ணீர் பல தெருக்களில் உப்பும் கடினமும் சேர்ந்தது. வாளியில் வெள்ளைப் படலம், கெட்டிலில் பொருக்கு. எங்கள் வீட்டு போரில் என் மீட்டர் காட்டிய டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) 1,100-க்கு மேல். காவிரிக் கூட்டுக்குடிநீர் வரும் வீடுகளில் அவ்வளவு மோசம் இல்லை. ஆனால் அதில் குளோரின் இருக்கும். திறந்த டிரம்மில் ஒரு நாள் வைக்க வேண்டும், அல்லது ஆன்டி குளோரின் சொட்டு விட வேண்டும். நாம் பேசுகிற நான்கில் எதுவும் கடினத் தண்ணீர் மீன் கிடையாது. டைகர் பார்ப் சுமத்ரா, போர்னியோ ஓடைகளிலிருந்து வந்தது. மற்ற மூன்றும் தென் அமெரிக்கா. எல்லாமே மென்மையான தண்ணீர் ஊர். பல தலைமுறையாகப் பண்ணையில் வளர்ந்ததால் இன்று ஓரளவு கடினத்தைப் பொறுத்துக்கொள்கின்றன. அந்த ஓரளவு எவ்வளவு என்பதில்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம்.

வெயில். மே மாதம் 4-ஆம் தேதி வாக்கில் கத்திரி தொடங்கும்போது வெளியே 40 டிகிரியைத் தாண்டும். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அறையில் தொட்டித் தண்ணீர் 32, 33 வரை சாதாரணமாகப் போகும். மீன் சூட்டினால் மட்டும் சாவதில்லை, மூச்சுத் திணறியும் சாகும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்கும். 33 டிகிரியில் அது 7.2-க்கு இறங்கிவிடும். அதே நேரம் சூட்டில் மீனின் உடல் வேகமாக இயங்குவதால் அதற்கு வேண்டிய ஆக்ஸிஜன் கூடும். வரவு குறைந்து செலவு ஏறுகிறது. ஓடிக்கொண்டே இருக்கிற, கூட்டமாக வைத்திருக்கிற மீனுக்கு இந்த இழுபறி இன்னும் சீக்கிரம் வரும்.

கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து மதியம் வரை, சில நாள் மாலை வரை போகும். கோடையில் சொல்லாமல் போவது வேறு.

இவை போக, முழு வளர்ச்சியில் அளவு என்ன, எத்தனை வருஷம் வாழும், கூட வேறு எதை விடலாம். இவ்வளவுதான்.

## டைகர் பார்ப்

மஞ்சள் கலந்த ஆரஞ்சு உடம்பில் நான்கு கறுப்புப் பட்டை. 1855-இல் டச்சு மருத்துவர் பிளீக்கர் வைத்த அறிவியல் பெயரில் வரும் 'டெட்ரஸோனா' என்ற சொல்லும் அந்த நான்கு பட்டையைத்தான் சொல்கிறது. ஆறேழு சென்டிமீட்டர் வளரும். நல்ல தண்ணீரில் ஐந்து வருஷம் சாதாரணம், ஆறேழும் போகும். பச்சை, அல்பினோ என்று நிற வகைகள் கடையில் உண்டு. எல்லாம் ஒரே இனம், ஒன்றாகவே கூட்டம் போடும்.

பார்ப்பதற்கு இந்த நான்கில் இதுதான் சுவாரசியம் என்பது என் கட்சி. பத்துப் பார்ப் இருக்கிற தொட்டியின் முன் நாற்காலி போட்டு உட்காருங்கள். இரண்டு ஆண்கள் தலையோடு தலை வைத்து வட்டமடிக்கும். அந்த நேரத்தில் மூக்கு நுனி மிளகாய்ப்பழம் மாதிரி சிவக்கும். முதுகுத் துடுப்பின் கறுப்புக்கு மேலே உள்ள சிவப்புக் கோடும் பளிச்சென்று தெரியும். இருபது விநாடி. அப்புறம் எதுவும் நடக்காததுபோல இரண்டும் கூட்டத்தில் கலந்துவிடும். கிழிந்த துடுப்பு ஏதும் இருக்காது. ராத்திரி விளக்கணைத்த பிறகு டார்ச்சை ஓரமாக அடித்துப் பார்த்தால் தலை கீழே சாய்ந்தபடி அசையாமல் நிற்கும். முதல் தடவை பார்த்தவர்கள் மீன் செத்துக்கொண்டிருக்கிறது என்று பதறுவார்கள். இந்த மீன் ஓய்வெடுக்கும் விதமே அதுதான். பகலிலும் அப்படியே நின்று, சாப்பிடாமல் இருந்தால்தான் தண்ணீரைச் சோதிக்க வேண்டும்.

குறைந்தது எட்டு, நன்றாக வேண்டுமென்றால் பத்துப் பன்னிரண்டு. இரண்டரை அடி தொட்டிக்குக் கீழே யோசிக்கவே வேண்டாம், மூன்றடி நிம்மதி. காவிரித் தண்ணீர் அருமையாக ஒத்துக்கொள்ளும். கடினமான போர் தண்ணீரிலும் பிழைக்கும், ஆனால் நிறம் கொஞ்சம் மங்கல். பாதிக்குப் பாதி ஆர்ஓ தண்ணீர் கலந்தால் வித்தியாசத்தை இரண்டு வாரத்தில் கண்ணால் பார்க்கலாம். 22 முதல் 27 டிகிரி வரை அதற்குச் சுகம். 30-ஐச் சில வாரம் பொறுத்துக்கொள்ளும், காற்று நன்றாகப் போனால்.

கூட விடக் கூடாதவை: ஏஞ்சல், கப்பி, ஃபைட்டர், கௌராமி, கோல்டு ஃபிஷ். சுருக்கமாக, துடுப்பு நீளமாகத் தொங்குகிற எதுவும், மெதுவாக நீந்துகிற எதுவும். விடக்கூடியவை: ஜீப்ரா டானியோ, ரோஸி பார்ப், நம் மேற்குத்தொடர்ச்சி மலை ஓடைகளிலேயே கிடைக்கும் ஜயன்ட் டானியோ. இவை பார்பை விட வேகம், பிடிபடாது. கிளவுன் லோச் நல்ல ஜோடி என்று கடையில் சொல்வார்கள். குணம் பொருந்தும், உண்மைதான். ஆனால் அது ஓரடி வரை வளரும் மீன் என்பதை விற்கும்போது சொல்ல மாட்டார்கள்.

இதன் பலவீனம் வெள்ளைப்புள்ளி நோய். தண்ணீர்ச் சூடு திடீரென்று இறங்கினால் முதலில் மாட்டுவது இதுதான். நம் ஊரில் வெயிலைப் பற்றியே கவலைப்பட்டுவிட்டு மார்கழியை மறந்துவிடுவோம். விடியற்காலையில் வெளியே 18, 19 டிகிரி இறங்கும் நாட்களில், ஜன்னலோரத் தொட்டியில் உடம்பெல்லாம் ரவை தூவியது மாதிரி புள்ளி வரும். மார்கழி, தை இரண்டு மாதத்துக்கு மட்டும் 100 வாட் ஹீட்டரை 25-இல் வைத்தால் போதும்.

## செர்பே டெட்ரா

அழகு என்று பார்த்தால் இதற்குத்தான் முதல் பரிசு. ரத்தச் சிவப்பு உடம்பு, தோளில் ஒரு கறுப்புப் பொட்டு, நான்கு சென்டிமீட்டர். சின்ன மீன்தானே, சாதுவாக இருக்கும் என்று நினைத்து ஏமாறுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் இதன் புத்தி தெரியும். உணவு விழுந்ததும் கூட்டமே வெறி பிடித்ததுபோல் பாயும், அந்தப் பாய்ச்சலில் பக்கத்து மீனின் துடுப்பும் சேர்ந்து கடிபடும். பார்ப் மாதிரி விளையாட்டுத் துரத்தல் இல்லை. இது கடிக்கிற மீன். கூட்டத்துக்குள்ளேயே பலவற்றுக்கு வால் நுனி அரைகுறையாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எட்டுப் பத்துச் செர்பேயைத் தனியாக, வேறு எதுவும் இல்லாமல், இரண்டரை அடி தொட்டியில் செடிகள் நிறைய வைத்து வளர்த்தால் அற்புதமான காட்சி. செடி மறைப்பு இருந்தால் அடிபடுகிற மீனுக்கு ஒளிய இடம் கிடைக்கும். உணவை ஒரே மூலையில் கொட்டாமல் மூன்று இடத்தில் தூவ வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில்தான் இது நம் ஊருக்குக் கொஞ்சம் கஷ்டம். மென்மையான, லேசான அமிலத் தண்ணீரில் இதன் சிவப்பு நிற்கும். என் அனுபவத்தில் எங்கள் போர் தண்ணீரை நேராக ஊற்றியபோது இரண்டு மாதத்தில் பழைய செங்கல் நிறமாகிவிட்டது. ஆர்ஓ தண்ணீர் கலக்காமல் வேலூர் போரில் செர்பே வைப்பது பட்டுப்புடவையைச் சவுக்காரத்தில் போட்டுத் துவைப்பது மாதிரி. கிழியாது, ஆனால் எதற்காக வாங்கினோமோ அது போய்விடும்.

## விடோ டெட்ரா

பாதி உடம்பு வெள்ளி, பின்பாதி கறுப்புப் பாவாடை. ஐந்தாறு சென்டிமீட்டர். தென் அமெரிக்காவின் பராகுவே ஆற்றுப் பக்கத்து மீன். நான்கில் அடக்கமான ரவுடி இதுதான்: கூட்டம் சிறியதாக இருந்தால் மற்றவற்றின் துடுப்பைக் கொத்தும், ஆறேழு இருந்தால் தன் வேலையைப் பார்க்கும். இரண்டடித் தொட்டியில் ஆறு வைக்கலாம் என்று நான் தைரியமாகச் சொல்லும் ஒரே மீன். கடினத் தண்ணீரையும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்கிறது. மார்கழிக் குளிர் இதற்கு ஒரு பொருட்டே இல்லை. 20 டிகிரிகூடப் பழக்கம்தான். வெயிலில்தான் கொஞ்சம் வாடும், கத்திரியில் தொட்டிக்கு மேல் ஃபேன் கட்டாயம்.

குறை என்ன? வயதாக ஆகக் கறுப்பு சாம்பலாகும். ஒன்றரை வருஷத்தில் கறுப்புப் பாவாடை வெளுத்த பாவாடை. அது இயல்பு, நோயில்லை. இன்னொன்று, கடையில் ரோஸ், நீலம், பச்சை என்று ஜொலிக்கும் விடோக்கள். பெரும்பாலும் வெள்ளை வகை மீனுக்குச் சாயம் ஏற்றியவை. மிட்டாய்க்கலர் சில மாதங்களில் கரைந்துபோகும், சாயம் ஏற்றும்போது மீன் படுகிற பாடு தனி. வாங்காதீர்கள். கறுப்பு விடோவே கம்பீரம்.

## 'பிரானா'

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பிரானா என்று சொல்லி இரண்டு அங்குலக் குட்டியாகக் கடைகளில் விற்கப்படுவது பெரும்பாலும் பாக்கு என்ற வேறு மீன். நம் பாக்கு இல்லை, ஆனால் பெயர்ப் பொருத்தம் பாருங்கள்: தென் அமெரிக்க ஆறுகளில் மரத்திலிருந்து விழும் பழத்தையும் கொட்டையையும் கடித்துத் தின்கிற மீன் அது. குட்டியாக இருக்கும்போது அதற்கும் வயிறு சிவப்பு, பிரானா சாயல். வாயைப் பாருங்கள். பிரானாவுக்குக் கீழ்த்தாடை துருத்திக்கொண்டு, முக்கோணப் பல் இருக்கும். பாக்குக்குத் தட்டையான, மனிதப் பல் மாதிரியான வரிசை. இதே மீனைத்தான் ஆந்திரப் பக்கம் குளங்களில் வளர்த்து ரூப்சந்த் என்ற பெயரில் சாப்பாட்டு மீனாக விற்கிறார்கள். அதாவது தொட்டிக்கு என்று நீங்கள் வாங்கும் குட்டி, வேறோரிடத்தில் வறுவலுக்காகக் கிலோக் கணக்கில் வளர்க்கப்படுகிறது. உங்கள் வீட்டிலும் அந்த அளவுக்குத்தான் வளரும்; இரண்டடி நீளம் என்பது அதற்குப் பெரிய விஷயம் இல்லை.

சரி, நிஜப் பிரானாவே கிடைத்தாலும்? சிவப்பு வயிற்றுப் பிரானா ஓரடி வளரும், பத்து வருஷத்துக்கு மேல் வாழும். நாலைந்து வைக்கவே ஆறடித் தொட்டி வேண்டும். படத்தில் பார்த்த வெறி எதுவும் இருக்காது. அது கூட்டம் சேர்வதே பெரும்பாலும் பயத்தால்தான். தன்னைத் தின்ன வரும் பெரிய மீன், பறவை, முதலைகளிடமிருந்து தப்பிக்கத்தான் நெருங்கி நிற்கிறது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். வீட்டுத் தொட்டியில் விளக்கைப் போட்டால் மூலைக்கு ஓடும். விருந்தாளியிடம் காட்டலாம் என்று வாங்குபவருக்கு இதைவிட ஏமாற்றம் கிடையாது. ஆனால் தொட்டிக்குள் கைவிட்டுச் சுத்தம் செய்யும்போது அது பயத்தில் கடித்தால், அந்தக் கடி மட்டும் நிஜமானது.

ஆறடித் தொட்டி என்றால் 6×2×2, ஏறத்தாழ 680 லிட்டர். வாரம் முப்பது சதவீதம் மாற்ற வேண்டுமென்றால் 200 லிட்டர். குடத்தில் பதினைந்து லிட்டர் என்று வைத்தால் வாரா வாரம் பதின்மூன்று குடம். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கிற தெருவில் இந்தக் கணக்கை வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாது.

வளர்ந்துவிட்டால் கோட்டை அகழியிலோ பாலாற்றுத் தேக்கத்திலோ ஏரியிலோ விட்டுவிடலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம். யாரோ தொட்டியிலிருந்து விட்ட சக்கர் மீன் இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகி, மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

## ஒரே பார்வையில்

| | டைகர் பார்ப் | செர்பே | விடோ | பிரானா / பாக்கு |
|---|---|---|---|---|
| முழு வளர்ச்சி | 6–7 செ.மீ. | 4 செ.மீ. | 5–6 செ.மீ. | ஓரடி / இரண்டடிக்கு மேல் |
| குறைந்த எண்ணிக்கை | 8–10 | 8–10 | 6 | 4–5 |
| குறைந்த தொட்டி நீளம் | 2½ அடி, 3 நல்லது | 2½ அடி | 2 அடி | 6 அடி / வீட்டில் முடியாது |
| போர் தண்ணீர் | பிழைக்கும், நிறம் மங்கும் | ஆர்ஓ கலக்க வேண்டும் | பிரச்சினை இல்லை | பொறுக்கும், அளவுதான் சிக்கல் |
| கத்திரி வெயில் | ஃபேன் போதும் | ஃபேன் போதும் | ஃபேன் கட்டாயம் | மீனும் பெரிது, ஆபத்தும் பெரிது |
| மார்கழி | ஹீட்டர் நல்லது | ஹீட்டர் நல்லது | தேவையில்லை | தேவை |
| வேறு மீன் சேர்க்கலாமா | வேகமானவை மட்டும் | வேண்டாம் | ஓரளவு | கூடவே கூடாது |

## கடையில் சொல்லாத செலவுகள்

மீன் விலை இந்தக் கணக்கில் ஒன்றுமே இல்லை. பத்து மீனுக்கு ஆகிற செலவை விட, பத்து மீனை ஒரே நாளில் விடுவதற்கு ஆகிற பொறுமைதான் அதிகம்.

ஏன் ஒரே நாளில்? சண்டைக்கார மீனை இரண்டு இரண்டாகச் சேர்த்தால், முதலில் வந்தது இடத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவதை அடிக்கும். எல்லாம் ஒன்றாக இறங்கினால் எல்லோருக்கும் புது வீடு. ஆனால் புதுத் தொட்டியில் பத்து மீன் ஒன்றாக இறங்கினால் கழிவிலிருந்து வரும் அம்மோனியா கொன்றுவிடும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு ஆபத்துக் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டர் பஞ்சில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஒன்று, மீன் இல்லாமல் சிட்டிகை உணவு போட்டுத் தொட்டியை அத்தனை வாரம் ஓட்டுங்கள். அல்லது ஏற்கெனவே தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் பழுத்த பஞ்சு ஃபில்டரைக் கேட்டு வாங்குங்கள். அழுக்கோடு, அப்படியே. குழாய்த் தண்ணீரில் கழுவிக் கொண்டுவந்தால் வேஸ்ட். குளோரின் பாக்டீரியாவைக் கொன்றிருக்கும்.

அடுத்தது வாராந்திரத் தண்ணீர் மாற்றம். மூன்றடித் தொட்டிக்கு வாரம் 50 லிட்டர், அதாவது மூன்றரைக் குடம். எடுக்கிற அழுக்குத் தண்ணீர் முருங்கைக்கும் மல்லிக்கும் நல்ல உரம், அது லாபம். நஷ்டம் எங்கே என்றால் ஆவியாவதில். ஃபேன் வைத்தால் தண்ணீர் இரண்டு மூன்று டிகிரி குளிரும், ஆனால் மே மாதத்தில் தினமும் ஓரிரு லிட்டர் பறந்துவிடும். பறப்பது வெறும் தண்ணீர். உப்பு உள்ளேயே தங்கிவிடும். அந்த இடத்தைப் போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே வந்தால், வெயில் முடிவதற்குள் தொட்டியில் இருப்பது போரை விடக் கடினமான தண்ணீர். குறைந்ததை ஈடுகட்ட எப்போதும் ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். ஆர்ஓ மெஷின் கழிக்கிற தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் தொட்டியில் ஊற்றியவர் ஒருவரை எனக்குத் தெரியும். உப்பைப் பிரித்து வெளியே தள்ளுகிற தண்ணீர் அது! பாத்திரம் கழுவலாம், மீனுக்கு ஆகாது.

கரண்டுக்கு: 15 வாட் ஃபில்டர் நாள் முழுக்க ஓடினால் மாதம் 11 யூனிட் அளவில் வரும். பில்லில் பெரிதாகத் தெரியாது. அது நின்றால்தான் தெரியும். யுபிஎஸ் இருக்கிற வீட்டில் காற்று மோட்டாரை அந்த லைனில் போட்டுவிடுங்கள், ஐந்து வாட் கூட இழுக்காது. இல்லாத வீட்டில் பேட்டரி காற்று மோட்டார் ஒன்று, கரண்ட் போனதும் தானாக ஓடுகிற வகை. விடோ ஆறு இருந்தால் மூன்று மணி நேரம் சமாளிக்கும். மே மாதத்தில் பார்ப் பன்னிரண்டு இருந்தால் ஒன்றரை மணி நேரத்திலேயே எல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

சாப்பாட்டுச் செலவு சொற்பம். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு, நாளைக்கு இரண்டு வேளை. பார்புக்கு வாரம் ஒரு நாள் வேகவைத்துத் தோல் உரித்த பச்சைப் பட்டாணி கொடுங்கள், மலச்சிக்கல் வராது, அது தின்கிற வேகத்தையும் பார்க்க வேண்டும்.

மூடி! மறந்தே போனேன். இந்த நான்கும் துரத்தலில் துள்ளும். கண்ணாடியோ வலையோ, ஏதாவது ஒன்று மேலே இருக்க வேண்டும்.

## யாருக்கு எது

வாடகை அறை, இரண்டடித் தொட்டி, போர் தண்ணீர், ஊருக்குப் போனால் மூன்று நாள் பூட்டிக் கிடக்கும்: விடோ ஆறு. யோசிக்க வேண்டாம். காட்பாடியில் காலேஜ் படிக்கிற பையன்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

இரண்டரை அடித் தொட்டி, வீட்டில் ஆர்ஓ, செடி வளர்ப்பதில் ஆர்வம், வேறு மீன் வேண்டாம் என்ற மனசு: செர்பே பத்து. தொட்டி சுவரில் மாட்டிய ஓவியம் மாதிரி இருக்கும். ஆனால் கடைசி நிபந்தனையில் உறுதியாக இருக்க வேண்டும். "ரெண்டே ரெண்டு கப்பி" என்று குழந்தை அழுதால் மசியக் கூடாது.

மூன்றடி, காவிரித் தண்ணீரோ பாதி ஆர்ஓவோ, வாரம் ஒரு மணி நேரம் செலவழிக்கத் தயார்: டைகர் பார்ப். ஏற்கெனவே ஏஞ்சலோ கப்பியோ வைத்திருந்து, அதை விட மனமில்லை என்றால் பார்ப் வேண்டாம். எத்தனை கூட்டம் வைத்தாலும் நீளத் துடுப்பு ஆசை அதற்கு முழுதாகப் போகாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

நான்கடித் தொட்டி இருக்கிறது என்று சொல்பவர்கள் மிஸ் கேரளா பற்றிக் கேட்பார்கள். கேரள மலை ஓடை மீன், கூட்டமாக ஓடும், அழகு. ஆனால் குளிர்ந்த, ஆக்ஸிஜன் நிறைந்த தண்ணீர் கேட்கும் மீனை வேலூர் மேயில் வைத்துத் திணறடிப்பானேன்? அழியும் நிலையில் உள்ள இனம் வேறு. அந்த நான்கடியில் இருபது டைகர் பார்ப் விட்டுப் பாருங்கள்.

பிரானா யாருக்கு? வீட்டில் குளம் அளவுக்குத் தொட்டி கட்ட இடமும் தண்ணீரும் இருப்பவருக்கு. அப்படி ஒருவரை நம் மாவட்டத்தில் நான் இன்னும் சந்திக்கவில்லை.

அண்ணன் மகன் வீட்டில் காவிரித் தண்ணீர் வருகிறது, யுபிஎஸ் இருக்கிறது, தொட்டியில் வேறு மீன் இல்லை. என்னிடமிருந்த பழைய பஞ்சு ஃபில்டரைப் பாலிதீன் பையில் கட்டிக் கொடுத்தேன். அதைப் போட்டு, சிட்டிகை உணவும் தூவி, மூன்று வாரம் மீன் இல்லாமலே ஓட்டினான். அண்ணிக்கு அதில்தான் கோபம்: "மீனே இல்லாத தொட்டிக்கு எதுக்குடா லைட்டு?" நான்காவது வாரம் இரண்டு பேரும் கடைக்குப் போனோம்.

"டைகர் பார்ப் பத்து குடுங்க," என்றேன்.

கடைக்காரர் வலையைக் கையில் எடுத்தபடி, "அஞ்சு ஜோடியா சார்?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "ஜோடி எல்லாம் பாக்க வேணாம்ணா, பத்தும் ஒரே பையில போடுங்க."